லிஸ்ட்லெஸ் என்றால் சோம்பலா, சோர்வா, வேறு ஏதாவதா?

தூவானம்

பெற்றோருக்கான குழந்தை நலக் கையேடு ஒன்றைத் தமிழில் கொண்டுவரும் வேலையில் இருக்கிறேன். அதில் லிஸ்ட்லெஸ் என்ற சொல் மூன்று இடங்களில் வருகிறது. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்ட குழந்தை லிஸ்ட்லெஸ்ஸாக இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள் என்பது முதல் இடம். பிரசவமாகிச் சில வாரங்கள் கழித்தும் தாய் அப்படியே இருந்தால் கவனியுங்கள் என்பது இரண்டாவது. மூன்றாவது, பதின்ம வயதுப் பிள்ளை விடுமுறை முழுக்க அப்படிக் கிடப்பதைப் பற்றியது. என்னிடம் இருக்கும் அகராதி சோம்பலான, மந்தமான, கவனமற்ற, அக்கறையற்ற என்று அடுக்கிக்கொண்டே போகிறது. ‘குழந்தை சோம்பலாக இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்’ என்று எழுதிப் பார்த்தேன். படிக்கிறவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் அடுத்த வரிக்குப் போய்விடுவார் என்று பயமாக இருக்கிறது. பட்டியலைக் குறிக்கும் லிஸ்ட்டுக்கும் இதற்கும் ஏதாவது உறவு உண்டா? மூன்று இடத்துக்கும் ஒரே தமிழ்ச் சொல் போட முடியுமா? இரண்டாவதுதான் என் முக்கியமான கேள்வி.

நெடுஞ்சாலை

சோம்பல் என்று போட்டால் என்ன தவறு என்று புரியவில்லை. ‘உடம்பு ஒரே சோம்பலா இருக்கு’ என்று நாம் சொல்கிறோமே, அதில் குற்றம் சாட்டும் தொனி எதுவும் இல்லையே. எளிய சொல், எல்லோருக்கும் தெரிந்த சொல். கையேடு படிக்கிறவர்களுக்கு அதுதான் வேண்டும்.

கீழ்வானம்

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரண்டாவதற்கான பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. பட்டியலுக்கும் இதற்கும் உறவில்லை. இங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் லிஸ்ட், விருப்பம் என்ற பொருளில் பழைய ஆங்கிலத்தில் புழங்கிய வேறொரு சொல். அது வினையாகவும் வரும். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், யோவான் நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில், காற்று தனக்கு விருப்பமான பக்கம் வீசுகிறது என்று வரும் இடத்தில் ‘லிஸ்டெத்’ என்று இருக்கும். அந்த ‘விருப்பமான’ என்பதுதான் நம்முடைய லிஸ்ட். இச்சையைக் குறிக்கும் லஸ்ட்டும் இதே குடும்பம். ஜெர்மன் மொழியில் லுஸ்ட் என்றால் இன்றைக்கும் சாதாரணமாக ஆசை, ஒன்றைச் செய்ய மனமிருப்பது என்றுதான் பொருள். அவர்களுடைய லுஸ்ட்லோஸ் அப்படியே ஆங்கிலத்தின் லிஸ்ட்லெஸ்.

ஆங்கிலத்தில் தனிச்சொல் வழக்கிலிருந்து போய்விட்டது, லெஸ் என்ற வால் சேர்ந்த வடிவம் மட்டும் பிழைத்துக்கொண்டது. இது இந்த ஒரு சொல்லுக்கு நேர்ந்த கதை இல்லை. ரூத்லெஸ்ஸில் இருக்கும் ரூத் என்றால் இரக்கம், ரெக்லெஸ்ஸில் இருக்கும் ரெக் என்றால் கவனம், ஹேப்லெஸ்ஸில் இருக்கும் ஹேப் என்றால் அதிர்ஷ்டம். இவற்றைத் தனியாக இன்று யாரும் பேச்சில் சொல்வதில்லை. தமிழில் சுரத்து என்ற சொல்லுக்கும் கிட்டத்தட்ட இதே நிலைமைதான். ‘சுரத்தில்லாமல் பேசினான்’ என்று ஆயிரம் முறை கேட்டிருப்போம், ‘சுரத்தோடு பேசினான்’ என்று எத்தனை முறை கேட்டிருப்போம்?

ஆக லிஸ்ட்லெஸ் என்பதன் அடியில் இருப்பது நாட்டம் இல்லாமை. எதையும் பார்க்க, கேட்க, எடுக்க, தொட மனம் எழவில்லை. உடம்பில் தெம்பும் பெரும்பாலும் குறைந்துதான் இருக்கும், ஆனால் சொல் முதலில் காட்டுவது அந்த மனம் எழாத நிலையை. சோம்பல் இதற்கு நேர் எதிர் என்றே சொல்வேன். சோம்பேறிக்கு விருப்பம் இருக்கிறது. படுத்துக் கிடக்க விருப்பம், வேலையை நாளைக்குத் தள்ள விருப்பம், அதில் அவனுக்கு ஒரு சுகமும் இருக்கிறது. லிஸ்ட்லெஸ்ஸாக இருப்பவருக்குப் படுத்திருப்பதிலும் சுகம் கிடையாது.

நெடுஞ்சாலை சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. என் உடம்பைப் பற்றி நானே சோம்பலாக இருக்கிறது என்று சொன்னால் அது வெறும் தகவல். அதையே இன்னொருவரைப் பற்றிச் சொன்னால் தீர்ப்பாகிவிடுகிறது. இந்தக் கையேட்டில் மூன்று இடமும் இன்னொருவரைப் பற்றித்தானே? குழந்தையை, தாயை, பிள்ளையை. பிரசவம் முடிந்து துவண்டு கிடக்கும் பெண்ணைச் சோம்பலாக இருக்கிறாள் என்று அச்சில் எழுதிக் குடும்பத்தார் கையில் கொடுத்தால், அவளுக்கு உதவி வருமா, திட்டு வருமா?

நெடுஞ்சாலை

அந்தத் தாய் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோர்வு என்று போட்டுவிட்டுப் போகலாமே, எதற்கு இவ்வளவு சுற்று?

வெண்சங்கு

குழந்தைகள் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். சோர்வு என்று மட்டும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஓடி விளையாடிய குழந்தையும் சோர்வாக இருக்கும், தூக்கம் வந்த குழந்தையும் சோர்வாக இருக்கும். பெற்றோர் ‘சோர்வுதானே, தூங்கினால் சரியாகிவிடும்’ என்று விட்டுவிடுவார்கள். நாங்கள் பயப்படுவது அந்த விட்டுவிடுதலுக்குத்தான்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து 1990களில் உருவாக்கிய குழந்தை நோய் வழிகாட்டு முறை ஒன்று இருக்கிறது, பல நாடுகளில் அதை வைத்துத்தான் முதல்நிலைச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். இரண்டு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை உள்ள நோயுற்ற குழந்தைக்கு அதில் பொதுவான அபாய அறிகுறிகள் என்று சில சொல்லப்படுகின்றன. குழந்தையால் தண்ணீரோ தாய்ப்பாலோ குடிக்க முடியாமல் போவது, எது கொடுத்தாலும் அத்தனையும் வாந்தி எடுப்பது, வலிப்பு, அப்புறம் லெதார்ஜிக்காக அல்லது நினைவில்லாமல் இருப்பது. இதில் ஒன்று இருந்தாலும் அவசரம். லெதார்ஜிக் என்பதற்கு அங்கே கொடுக்கப்படும் விளக்கம்தான் உங்களுக்குப் பயன்படும். விழிப்போடு இருக்க வேண்டிய நேரத்தில் குழந்தை மயங்கியதுபோல் இருக்கிறது, சுற்றி நடப்பதில் அக்கறை காட்டவில்லை, வெறித்துப் பார்க்கிறது, அம்மாவின் முகத்தையோ பேசுகிறவரையோ கண்ணால் தொடரவில்லை. உங்கள் கையேட்டில் முதல் இடத்தில் லிஸ்ட்லெஸ் என்று எழுதியவர் மனதில் வைத்திருப்பதும் இதற்குப் பக்கத்தில் உள்ள ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். வயிற்றுப்போக்கில் உடம்பின் நீர் வற்றும்போது குழந்தை முதலில் நிலைகொள்ளாமல் நச்சரிக்கும், எரிச்சல்படும், தண்ணீரைக் கண்டால் ஆவலாகப் பாய்ந்து குடிக்கும். இது நடுத்தர நிலை. நிலைமை கடுமையானால் அந்த நச்சரிப்பு நின்றுவிடும், குடிக்கவும் மாட்டாது, துவண்டு கிடக்கும். பெற்றோர் கண்ணுக்கு இது ‘அப்பாடா, அழுகையை நிறுத்திவிட்டது’ என்று தெரியும். உண்மையில் குழந்தை மோசமான கட்டத்துக்குப் போயிருக்கிறது. நச்சரிப்பது ரெஸ்ட்லெஸ், துவண்டு கிடப்பது லிஸ்ட்லெஸ் அல்லது லெதார்ஜிக். ஆங்கிலத்தில் ஓசை ஒன்றுபோல் இருப்பதால் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மொழிபெயர்த்த துண்டுப்பிரசுரத்தைப் பார்த்திருக்கிறேன், மனசு பதறிவிட்டது. தயவுசெய்து அந்த இடத்தில் ஒற்றைச் சொல் போடாதீர்கள், குழந்தை என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்று எழுதுங்கள்.

தூவானம்

வெண்சங்கு அக்கா, அந்த அழுகை நிற்பது பற்றிய விஷயம் மூலநூலில் ஒரு பெட்டிச் செய்தியாக இருக்கிறது. அதற்கும் இந்தச் சொல்லுக்கும் உள்ள தொடர்பு இப்போதுதான் புரிகிறது. மிக்க நன்றி. சரி, லிஸ்ட்லெஸ்ஸும் லெதார்ஜிக்கும் ஒன்றேதானா?

பனிமலர்

ஒன்றில்லை, ஆனால் ஒரே தெருவில் வசிப்பவை. லெதார்ஜிக்கில் தூக்கத்தின் கனம் இருக்கிறது. கிரேக்கப் புராணத்தில் லெதே என்பது மறதியைத் தரும் பாதாள ஆறு, அதன் பெயரில் இருக்கும் மறதியும் செயலின்மையைக் குறிக்கும் இன்னொரு கிரேக்கச் சொல்லும் சேர்ந்து உண்டான சொல் இது. மறதியும் தூக்கமும் செயலின்மையும் ஒன்றாகக் கூடும் இடம் நமக்குப் புதிதில்லை. மடியின்மை அதிகாரத்தில் 605ஆம் குறள், காலம் தாழ்த்துவது, மறவி, மடி, துயில் என்று நான்கையும் ஒரே வரிசையில்தான் வைக்கிறது. ஆனால் குறள் பேசுவது கெட்டுப்போகிறவர் விரும்பி ஏறும் கலத்தைப் பற்றி. அங்கே விருப்பம் இருக்கிறது, ஆகவே அது சோம்பல். கீழ்வானம் போட்ட கோடு அங்கேயும் பொருந்துகிறது என்பதைக் கவனியுங்கள்.

லாங்குவிட் என்றொரு சொல் உண்டு, அதையும் பலர் இதே பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். சோர்ந்துபோவதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது, லாங்குவிஷ் என்ற வினைக்கும் அதே வேர்தான். ஆனால் இன்று ஆங்கிலத்தில் லாங்குவிட் பல நேரம் இனிமையான சொல். அவசரமில்லாத அசைவு, நிதானமாக நீட்டிய கை, வெயில் சாயும் மதியம், இவற்றுக்கெல்லாம் அதைப் போடுவார்கள், அதில் ஒரு ஒய்யாரம் இருக்கிறது. லிஸ்ட்லெஸ்ஸில் ஒய்யாரம் துளியும் இல்லை. கதை மொழிபெயர்க்கிறவர்கள் இரண்டையும் ‘சோர்வான’ என்று ஒரே மாதிரி எழுதினால் பாத்திரத்தின் குணமே மாறிவிடும்.

டார்பிட் இன்னும் ஆழமானது, மரத்துப்போன நிலை. தேன்குடிக்கும் ஹம்மிங்பேர்டு என்ற சின்னப் பறவை இரவில் உடல் வெப்பத்தை வெகுவாகத் தாழ்த்தி, ஆற்றலைச் சேமித்துக்கொண்டு அசைவற்றுக் கிடக்கும், உயிரியலில் அதற்கு டார்பர் என்று பெயர். மனிதரைப் பற்றிச் சொல்ல அது கொஞ்சம் கடுமையான சொல்.

சதுரங்கம்

பங்குச்சந்தைச் செய்திகளில் லிஸ்ட்லெஸ் டிரேடிங் என்று அடிக்கடி வரும். வாங்குகிறவரும் ஒதுங்கி நிற்கிறார், விற்கிறவரும் ஒதுங்கி நிற்கிறார், குறியீடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கீழ்வானம் சொன்ன ‘நாட்டமில்லாமை’ இங்கே அச்சாகப் பொருந்துகிறது, ஏனென்றால் சரிவு என்றால் விற்கும் வேகமாவது இருக்கும், இங்கே அதுவும் கிடையாது. தமிழ் வணிகச் செய்திகளில் ‘மந்தமான வர்த்தகம்’ என்று எழுதுகிறோம், அது போதும்.

விளையாட்டுச் செய்தியில் அணி லிஸ்ட்லெஸ்ஸாக ஆடியது என்றால் தோற்றதைவிட மோசமான விமர்சனம். கடனே என்று ஆடினார்கள் என்று அர்த்தம். லாக்லஸ்டர் என்றால் அவ்வளவு கடுமை இல்லை, பளபளப்பு இல்லை என்று மட்டும்தான் பொருள். அதைப் பார்வைக்குச் சொன்னவர் ஷேக்ஸ்பியர், ஆஸ் யூ லைக் இட் நாடகத்தில் மங்கிய கண்ணோடு கடிகாரத்தைப் பார்க்கும் ஒரு கோமாளியைப் பற்றிய இடத்தில் வரும். பொருளாதார வளர்ச்சிக்கு அனீமிக் என்பார்கள், கிரேக்கத்தில் ரத்தமில்லாத என்று அர்த்தம், நாமும் ‘சோகை பிடித்த வளர்ச்சி’ என்று எழுதினால் யாருக்கும் விளங்காமல் போகாது.

ஏட்டுச்சுவடி

இவ்வளவு சொற்களைத் தேடுகிறீர்கள், நம் இலக்கியத்தில் பசலை இருக்கிறதே? தலைவி உணவு வெறுத்து, நிறம் மாறி, தோழியோடும் பேசாமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருப்பாள். லிஸ்ட்லெஸ்ஸுக்கு இதைவிட அழகான சொல் எங்கே கிடைக்கும்? பசப்புறு பருவரல் என்று திருக்குறளில் ஒரு அதிகாரமே இருக்கிறது.

கீழ்வானம்

ஐயா, அழகான சொல் என்பதில் சந்தேகமே இல்லை, ஆனால் இங்கே வைத்தால் பொருள் தலைகீழாகிவிடும். பசலை வருவது ஆசை மிகுந்துபோய். அவன் வேண்டும், அவன் மட்டுமே வேண்டும், அதனால்தான் மற்ற எதிலும் மனம் ஒட்டவில்லை. லிஸ்ட்லெஸ் என்பதில் வேண்டும் என்று எதுவுமே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு உடம்பும் ஒரே மாதிரி வாடித் தெரியும், உள்ளே ஒன்றில் ஆசை கொதிக்கிறது, இன்னொன்றில் அடுப்பே பற்றவில்லை. பசலைக்கு மருந்து தலைவன் திரும்பி வருவது. மற்றதற்கு யார் வந்தாலும் மனம் எழாது, அதுதான் அதன் துன்பமே.

ஏட்டுச்சுவடி

அந்த வேறுபாட்டை ஏற்கிறேன். அப்படியானால் விட்டேற்றி? ‘விட்டேற்றியாக உட்கார்ந்திருந்தான்’ என்று எழுதுவார்கள்.

கீழ்வானம்

கதையில் சில இடங்களில் நன்றாகவே வரும். ஆனால் விட்டேற்றியில் பொறுப்பைத் தட்டிக் கழித்த வாடை ஒட்டியிருக்கிறது, எதிலும் பட்டுக்கொள்ளாதவன் என்ற அர்த்தமும் வருகிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் வேண்டாம் என்பேன். அது அபாதெடிக் என்ற சொல்லுக்கு இன்னும் நெருக்கம். உடம்பில் தெம்போடு, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, ஊர் விவகாரத்தில் மட்டும் அக்கறையில்லாமல் ஒருவர் இருக்கலாம், அவர் அபாதெடிக், லிஸ்ட்லெஸ் ஆக மாட்டார்.

சோர்வையும் சோம்பலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது எவ்வளவு பழைய பழக்கம் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் தனித்து வாழ்ந்த கிறித்தவத் துறவிகளுக்கு நடுப்பகலில் ஒரு நிலை வரும். பொழுது நகராது, ஜெபத்தில் மனம் ஒட்டாது, இருக்கும் அறையும் பிடிக்காது, வெளியே போனாலும் ஒன்றும் பிடிக்காது. எவாக்ரியஸ் என்ற துறவி, துறவியரை வதைக்கும் எட்டுத் தீய எண்ணங்களில் ஒன்றாக இதை வைத்து அகேதியா என்று பெயர் சொன்னார். கிரேக்கத்தில் அக்கறை இல்லாமை என்றுதான் அதற்கும் பொருள். பின்னால் வந்த நூற்றாண்டுகளில் எட்டு ஏழாகி, இந்த அகேதியா மெல்ல மெல்ல வெறும் சோம்பல் என்ற பாவமாகச் சுருங்கிப்போனது. உள்ளே ஏதோ வற்றிப்போன நிலையை, வேலை செய்ய மறுக்கும் குற்றமாக மாற்றிவிட்டார்கள். அகராதியில் லிஸ்ட்லெஸ்ஸுக்கு நேரே சோம்பலான என்று இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை நினைவுக்கு வந்து கோபம்தான் வருகிறது. படுத்துக் கிடக்கும் ஒருவரிடம் எழுந்திரு என்று அதட்டுவது எளிது. எழ மனமே வராத அளவுக்கு அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் குறைவு, சொல்லும் அந்த அதட்டலுக்குத் துணை போக வேண்டாம்.

மழைக்குருவி

கொஞ்சம் விலகிப் போகிறேன், இதே குடும்பத்தில் எனர்வேட்டட் என்று ஒரு பொறி இருக்கிறது. ஓசையைக் கேட்டால் எனர்ஜி ஏற்றிக்கொண்டவர் போலத் தோன்றும், பொருள் நேர் எதிர், சக்தி உறிஞ்சப்பட்டவர். லத்தீனில் நெர்வுஸ் என்றால் தசைநாண், அதை அறுத்து எடுத்துவிடுவது என்பதுதான் அந்த வினையின் அடிப்பொருள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களே இதைத் தலைகீழாகப் போட்டு எழுதுவதைப் பார்க்கலாம். கையேட்டில் வந்தால் கவனமாக இருங்கள்.

அப்புறம் உச்சரிப்பு. எழுத்தில் நடுவே டி இருந்தாலும் வேகமாகப் பேசும்போது அது கேட்காமல் போய்விடும், லிஸ்லஸ் என்பதுபோல்தான் காதில் விழும். வினையடையாக்க லிஸ்ட்லெஸ்லி, பெயர்ச்சொல்லுக்கு லிஸ்ட்லெஸ்னெஸ்.

வெண்சங்கு

இரண்டாவது, மூன்றாவது இடங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரசவத்துக்குப் பிறகு முதல் சில நாட்கள் காரணமில்லாமல் அழுகை வருவதும் மனம் கலங்குவதும் பல தாய்மாருக்கு நடப்பதுதான், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். அதைத் தாண்டியும் குழந்தை மேல் மனம் ஒட்டவில்லை, முன்பு பிடித்த எதுவும் பிடிக்கவில்லை என்றால் மருத்துவரிடம் பேச வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம், ரத்தசோகையாக இருக்கலாம், தைராய்டு கோளாறாகவும் இருக்கலாம், பார்த்தால்தான் தெரியும். மூன்றுமே சரிசெய்யக்கூடியவை. பதின்ம வயதுப் பிள்ளைக்கும் கிட்டத்தட்ட அதே கேள்விதான். விடுமுறையில் பிற்பகல்வரை தூங்குவது வேறு. தான் ஆசையாகச் செய்துகொண்டிருந்த விளையாட்டு, பாட்டு, நண்பர்கள் எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாததாகிப் போவது வேறு. ‘முன்பு விரும்பியதை இப்போது விரும்புகிறாரா’ என்று பெற்றோர் பார்க்க வேண்டும், அது மொழிபெயர்ப்பில் தெரிய வேண்டும்.

நெடுஞ்சாலை

அப்படியானால் மூன்று இடத்துக்கும் ஒரே சொல் கிடையாது என்றுதான் முடிகிறது. சோம்பலை நான் விட்டுவிடுகிறேன். ஆனால் ‘நாட்டமின்மை’, ‘உற்சாகமின்மை’ என்று அலுவலகக் கடிதம் போல எழுதிவிடாதீர்கள், அதையும் யாரும் படிக்க மாட்டார்கள்.

தூவானம்

எல்லோரும் சொன்னதை வைத்து இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

குழந்தை: ‘கூப்பிட்டாலும் விளையாட்டுக் காட்டினாலும் திரும்பிப் பார்க்காமல் துவண்டு கிடந்தால் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நச்சரித்து அழுதுகொண்டிருந்த குழந்தை இப்படி அமைதியாகிவிட்டால் அது குணமாவதற்கு அடையாளம் இல்லை.’

தாய்: ‘இரண்டு வாரம் கடந்த பிறகும் எதிலும் மனம் ஒட்டாமல், குழந்தையைக் கையில் வாங்கவும் மனம் வராமல் வாடிப்போய் இருந்தால் மருத்துவரிடம் பேசுங்கள்.’

பதின்ம வயது: ‘முன்பு ஆசையாகச் செய்தது எதிலும் இப்போது பிடிப்பில்லாமல், கேட்டதற்கும் சுரத்தில்லாமல் பதில் சொல்லிக்கொண்டு நாட்களைக் கழித்தால்…’

கீழ்வானம்

மூன்றும் நன்றாக இருக்கிறது. சுரத்து மூன்றாவதில் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

வெண்சங்கு

முதல் வாக்கியத்தில் ‘குடிக்க மறுத்தாலோ’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் தூவானம். ‘கூப்பிட்டாலும் விளையாட்டுக் காட்டினாலும் திரும்பிப் பார்க்காமல் துவண்டு கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ’ என்று. இரண்டில் ஒன்று இருந்தாலே கிளம்ப வேண்டும், இரண்டும் சேர்ந்து வரும்வரை காத்திருக்கக் கூடாது. அந்த ‘ஓ’ விட்டுப்போகாமல் அச்சில் வருகிறதா என்று மெய்ப்பு பார்க்கும்போது ஒருமுறை கவனியுங்கள்.